தாப்பாள் உள்ளேயா, வெளியேயா?

இருபத்தேழு வயதில் ஒருவன் தன்னை ஓய்வு பெற்றவன் என்று அறிமுகம் செய்துகொண்டால் அவையில் சிரிப்பு எழும். எழட்டும். சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து அடுத்த சொல்லைத் தொடுப்பது எப்படி என்பதைப் பள்ளிக்கூட மேடையிலேயே கற்றவன் நான்.

திகில் படங்களின் கதையைத் தமிழில் எடுத்துச் சொல்லும் காணொளிகளுக்குக் குரல் கொடுப்பது என் பணியாக இருந்தது. இப்போது இல்லை. அதே பணிக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் என்னைக் கண்டால் கேட்பதெல்லாம் எந்த ஒலிவாங்கி நல்லது, தொண்டை கட்டினால் என்ன குடிக்கலாம் என்பதுதான். அவற்றுக்கு விடை கடையில் கிடைக்கும். கடையில் கிடைக்காத ஒன்றைச் சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன்.

என் குரலைப் பற்றி நானே பேசுவது அழகன்று. ஆனால் பேசாவிட்டால் கதை தொடங்காது. கல்லூரிப் பட்டிமன்றங்களில் என்னை எந்த அணியில் நிறுத்தினாலும் அந்த அணி வெல்லும். காலையில் ஒன்றை நிலைநாட்டிவிட்டு மாலையில் அதற்கு நேரெதிரானதையும் நிலைநாட்ட என்னால் முடியும். அதை நான் திறமை என்று கருதினேன். இன்றும் அப்படித்தான் கருதுகிறேன். அப்படிப்பட்ட ஒரு மேடையில் என் பேச்சைக் கேட்டுவிட்டுத்தான் எங்கள் முதலாளி என்னைத் தேடி வந்தார். திருமணங்களுக்கும் கோயில் கொடை விழாக்களுக்கும் ஒலிபெருக்கி வாடகைக்கு விட்டு வந்தவர் அவர். சங்கரன்கோவிலில் ரேடியோ செட்டு அண்ணாச்சி என்றால் எல்லாருக்கும் தெரியும்.

“ஒன் தொண்டைக்குள்ள ஆம்ப்ளிஃபயர் இருக்குல. அத வச்சிக்கிட்டு, கூட்டுக் குடும்பமா தனிக் குடும்பமான்னு கெடந்து பேசிக்கிட்டு இருக்க. பேய்க்கதை சொல்லு. ஒலகமே கேக்கும்” என்றார்.

உலகம் கேட்பதற்கு முன் எங்கள் தெரு அமைதியாக வேண்டியிருந்தது. அண்ணாச்சி வாடகைக்குப் பிடித்த மாடி அறைக்குக் கீழே விசைத்தறிக் கூடம். இரு பக்கமும் தறிகள். எதிர் வரிசையிலும் தறிகள். காலை முதல் அந்த ஓசை சுவரிலும் மேசையிலும் நம் பல்லிலும் அதிர்ந்துகொண்டே இருக்கும். ஆகவே, மின்வாரியம் பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்தும் நாளே எங்களுக்குப் பதிவு நாள். ஊரெல்லாம் அந்த அறிவிப்பைப் படித்துச் சலித்துக்கொள்ளும்; நாங்கள் அதைப் பண்டிகைபோல் எதிர்பார்ப்போம். மடிக்கணினியில் மின்னூட்டம் இருக்கும்வரை பதிவு நடக்கும்.

அந்தப் பகலை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். தறிகள் எல்லாம் ஒருசேர நின்ற அந்தக் கணத்தில் காது அடைத்துவிட்டதோ என்று தோன்றும். பிறகு, அதுவரை இல்லாதவைபோல் இருந்தவை ஒவ்வொன்றாக வெளியே வரும். கோயில் யானையின் கழுத்து மணி, அடுத்த தெருவில் ஒருவர் செருமுவது, நம் சட்டை உரசுவது. நடுப்பகல், நல்ல வெயில், தெருவில் ஆள்கள். ஆயினும் யாரோ ஒருவர் உற்றுக் கேட்டுக்கொண்டிருப்பதுபோல் இருக்கும்.

எங்களோடு பணியாற்றியவள் எஸ்தர். மேலநீலிதநல்லூரிலிருந்து பேருந்தில் வருவாள். படத்தொகுப்பு அவள் வேலை; அலறுவது கூடுதல் வேலை. இதை விளக்கிவிடுகிறேன். அசல் படத்தின் ஒலியைச் சிறு துணுக்கு எடுத்துப் போட்டாலும் காணொளித் தளத்தின் இயந்திரம் அடையாளம் கண்டுகொள்ளும். இது உங்கள் ஒலியன்று என்று உரிமைக் கோரிக்கை வந்து சேரும். ஆகவே, கதையில் ஒரு பெண் அலறினால் அந்த அலறலை நாங்களே உண்டாக்க வேண்டும். எஸ்தர் தேவாலயப் பாடகர் குழுவில் உயர்ந்த சுருதியில் பாடுபவள். அசலின் சாயல் அறியாமல்கூட ஒட்டிவிடக் கூடாது என்பதற்காக, அவள் எந்தப் படத்தையும் ஒலியோடு பார்க்க மாட்டாள். ஒலியை நான் மட்டும் கேட்பேன். கேட்டதைச் சொல்லாமல், காட்சியை மட்டும் அவளுக்குச் சொல்வேன். இது நான் வகுத்த விதி. ஒருமுறைகூட மீறப்படவில்லை.

மின்சாரம் நின்றால் கீழே தறிக்காரர்களுக்கு ஓய்வு. அவர்களில் மாரியக்காவின் குரல்தான் மாடி வரைக்கும் வரும்.

“ஏட்டி எஸ்தரு, இன்னைக்கு ஒன்னய யாரு கொல்லுதா?”

“பேய்தாங்க்கா!”

“கொல்லட்டும் கொல்லட்டும். பைய கத்து, எம்மவன் இப்பதான் கண்ணசந்திருக்கான்.”

அவள் அலறுவாள், கீழே கைதட்டுவார்கள். அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது.

இனி அந்தப் படத்துக்கு வருகிறேன். அயல்நாட்டில் பல பத்தாண்டுகளுக்கு முன் குறைந்த செலவில் எடுக்கப்பட்டது. பெயர் சொல்ல மாட்டேன், சொன்னால் தேடுவீர்கள். வழி தவறிய ஒரு பெண்ணை ஒரு குடும்பம் தங்கள் வீட்டில் அடைத்து வைக்கிறது. அவ்வளவுதான் கதை. துன்பத்தைக் காட்டுவது ஒன்று. துன்பத்தின் எதிரே நாற்காலி போட்டு நம்மை உட்கார வைப்பது இன்னொன்று. அந்தப் படம் இரண்டாவதைச் செய்தது. இறுதியில் அவள் எஞ்சியிருக்கும் ஒரே கதவை நோக்கி ஓடுகிறாள். கதவு திறக்கவில்லை. அங்கே ஓர் அலறல் வருகிறது.

பேச்சுக்காகக் குரல் பழகியவன் என்பதால் எனக்கு ஒன்று தெரியும். ஒலி எழுப்பப் போகிறவர் முதலில் காற்றை உள்ளே இழுப்பார். நடிகையும் இழுப்பாள்; அலறலுக்கு முன் அந்தச் சிறு மூச்சு கேட்கும். இந்த அலறலுக்கு முன் மூச்சு இல்லை. காற்றெல்லாம் தீர்ந்த பிறகு, தீர்ந்த இடத்திலிருந்து அது வந்தது. கேட்டவுடன் காதொலிப்பானைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, தறிகளின் இரைச்சலுக்கு நடுவே சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பெண் நடிக்கவில்லை என்று எனக்குத் தோன்றியது. படப்பிடிப்பில் அவளுக்கு என்ன நேர்ந்தது என்று எங்கும் எழுதப்படவில்லை.

அதே படத்தை அண்மையில் பெரும் பொருட்செலவில் மறுஆக்கம் செய்திருந்தார்கள். அதே வீடு, அதே கதவு, அதே கோணம். புதிய நடிகை அதே அலறலை அலறினாள். முன்னால் தெளிவாக ஒரு மூச்சு. நான் கொட்டாவி விட்டேன். முதற்படம் என்னை நடுங்க வைத்தது. மறுஆக்கம் நடுங்காமல் இருப்பதற்குப் பழக்கியது. இரண்டில் எது கொடியது என்று கேட்டால், இந்த ஒரு பட்டிமன்றத்தில் மட்டும் நான் அணி மாற மாட்டேன்.

ஆனால் அண்ணாச்சிக்கு வேண்டியது அந்தப் பட்டிமன்றம்தான். ‘அச்சத்தில் விஞ்சி நிற்பது மூலமா, மறுஆக்கமா?’ இரு அணிக்கும் நானே பேச வேண்டும். நடுவராகவும் நானே இருக்க வேண்டும். அலறல் மட்டும் எஸ்தருடையது.

பதிவு நாள் வந்தது. தறிகள் நின்றன.

“ரெண்டு படத்துலயும் அவ அதே கதவத்தான தட்டுதா? ஒருக்கா கத்துனா போதும்லா அண்ணாச்சி?” என்றாள் எஸ்தர்.

“அது பழைய கத்தல், இது புதுக் கத்தலுட்டி. சனங்களுக்கு வித்தியாசம் தெரியாண்டாமா?”

“அப்ப பழைய கத்தலுக்குத் தள்ளுபடி உண்டா?”

“கத்தி முடி. பிரியாணி வாங்கித் தாரேன்.”

முதலில் மறுஆக்கத்துக்கு அலறினாள். கணீரென்று, பாடகர் குழுவின் பயிற்சி குறையாமல் வந்தது. கீழிருந்து கைதட்டல். “நல்லாருக்குட்டி!” என்றது மாரியக்காவின் குரல்.

பிறகு மூலப் படம். ஒலியில்லாமல் அந்தக் காட்சியை ஒருமுறை பார்த்தாள். திரும்பவும் பார்த்தாள். பிறகு என்னிடம் திரும்பினாள்.

“அண்ணே, இந்தக் கதவுக்குத் தாப்பா எங்கன இருக்கு? உள்ளயா, வெளியயா?”

எத்தனையோ படங்களுக்கு அலறியவள் இதுவரை கேட்காத வினா. “அது எதுக்கு? படத்துல தெரியவே செய்யாது” என்றேன்.

“எனக்குத் தெரியணும்.”

முந்தைய காட்சி ஒன்றில் ஒரு கை தாப்பாளைப் போடுவது நினைவுக்கு வந்தது. “வெளிய” என்றேன்.

“போட்ட ஆளு போயிட்டானா, அங்கனயே நிக்கானா?”

“நிக்கான். கதவுக்கு அடியில நிழல் தெரியும்.”

“சரி.”

நாற்காலியைச் சுவரை நோக்கித் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள். நான் பதிவை இயக்கினேன். வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. அவள் தோள்கள் மெல்ல மெல்லத் தாழ்ந்துகொண்டே போயின. அவள் மூச்சை வெளியே விட்டுக்கொண்டிருந்தாள், இழுக்கவில்லை. பிறகு அது வந்தது.

அதை வருணிக்க என்னிடம் சொல் இருக்கிறது, பயன்படுத்த மாட்டேன்.

யாரும் கைதட்டவில்லை. யானை மணி ஒருமுறை ஒலித்தது. பிறகு மாடிப்படியில் பல கால்கள் ஏறி வரும் ஓசை. கதவைத் தள்ளிக்கொண்டு மாரியக்கா நின்றாள், கையில் பாதி சுற்றிய நூல், பின்னால் தறிக்காரர்கள்.

“யாருக்கு என்ன ஆச்சு?”

“ஒண்ணுமில்லக்கா. படந்தான்” என்றாள் எஸ்தர். குரல் கரகரத்திருந்தது.

“படமா?” மாரியக்கா உள்ளே வந்து அவள் முகத்தைத் திருப்பிப் பார்த்தாள். அறையைச் சுற்றிப் பார்த்தாள். கடைசியாக என்னைப் பார்த்தாள். பிறகு இறங்கிப் போனாள். அத்தனை மாதங்களில் எங்கள் அலறல் கேட்டு எவரும் மாடி ஏறியதில்லை.

அண்ணாச்சி தம் முழங்கையைத் தேய்த்துக்கொண்டார். “மேலெல்லாம் புல்லரிச்சுப் போச்சுட்டி. இந்தப் படம் பிச்சுக்கிட்டுப் போகும் பாரு.”

பிரியாணியை எஸ்தர் தொடவில்லை.

காணொளியை ஏற்றியதுமே உரிமைக் கோரிக்கை வந்தது. என் பேச்சில் குறையில்லை. மறுஆக்கத்துக்கான அலறலிலும் குறையில்லை. இரண்டாவது அலறலை மட்டும் தளத்தின் இயந்திரம் சுட்டியிருந்தது: இது பழைய படத்தின் ஒலி, அப்படத்தின் உரிமையாளருக்குச் சொந்தமானது.

இயந்திரம் பிழை செய்யும். அதை நானும் அறிவேன். ஒரு காதில் மூலப் படத்தின் அலறலையும் மறு காதில் எஸ்தரின் பதிவையும் வைத்துக் கேட்டேன். பிறகு இடம் மாற்றிக் கேட்டேன். மாற்றினேனா இல்லையா என்று எனக்கே விளங்காத ஒரு நிலை வந்தபோது நிறுத்திவிட்டேன். அந்த ஒலியை அவள் கேட்டதே இல்லை. மூச்சைப் பற்றி நான் அவளிடம் வாய் திறக்கவும் இல்லை.

அண்ணாச்சி துள்ளிக் குதித்தார். “மெஷினயே ஏமாத்திட்டாளே! சும்மா விடக் கூடாதுல. மறுப்பு எழுது. இது எங்க ஊருப் புள்ள கத்துனதுன்னு எழுது. அடுத்த கரண்டு கட்டுல நேரலை போடுவோம். எல்லாரும் பாக்க அவ திரும்பக் கத்தட்டும். நீ நடுவுல நின்னு பேசு.”

இங்கேதான் நெருக்கடி. எங்கள் அலைவரிசை முன்பே எச்சரிக்கைகள் வாங்கியிருந்தது. மறுப்பு எழுதித் தோற்றால் அலைவரிசையையே மூடிவிடுவார்கள். ஒலியை நீக்கிவிட்டுக் கோரிக்கையை ஏற்றால் பிழைக்கும். ஆனால் தோல்வியை ஏற்பது அண்ணாச்சிக்கும் பிடிக்காது. எனக்கு அதைவிடப் பிடிக்காது. நான் மறுப்பு எழுதினேன். என் வாழ்நாளில் எழுதிய மிகச் சிறந்த வாதம் அது. அலறியவள் பயிற்சி பெற்ற பாடகி. அந்த அலறல் திட்டமிட்ட நடிப்பு. வேண்டுமானால் எத்தனை முறையும் நிகழ்த்திக் காட்ட இயலும். ஒரு சொல்லைக்கூட அசைக்க முடியாது.

அனுப்பும் முன் எஸ்தரிடம் காட்டினேன். மாடிப்படியில் நின்றிருந்தோம், தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. தறி ஓடும்போது எங்கள் தெருவில் எந்த இரகசியத்தையும் உரக்கப் பேசலாம்.

“நடிப்புன்னு எழுதியிருக்கீங்க” என்றாள்.

“அப்படி எழுதுனாத்தான் ஜெயிக்க முடியும்.”

“மெஷினு என்ன சொல்லுது? ரெண்டும் ஒண்ணுன்னு சொல்லுது. என்னோடது நடிப்புன்னா, அப்ப அவளோடதும் நடிப்புன்னு ஆயிரும்லா?”

“ஆகட்டுமே. நமக்கென்ன?”

“அவ நடிக்கலண்ணே.”

எதிரணியின் வாதத்தில் ஓட்டை தெரிந்தால் என் நாக்கு தானாகவே நீளும். “நீ அந்தச் சத்தத்தக் கேட்டதே இல்லையே எஸ்தர். ஒனக்கு எப்படித் தெரியும்?”

அவள் படிக்கட்டின் கைப்பிடியைப் பார்த்தாள். “தாப்பா வெளியன்னு நீங்கதான சொன்னீங்க.”

தோழர்களே, அடுத்த வினா என் நாவின் நுனியில் நின்றது. எந்தக் கதவு? எப்போது? வெளியே நின்றது யார்? எந்த அவையிலும் அந்த இடத்தில் அந்த வினாவைத் தொடுக்காத பேச்சாளன் இல்லை. தொடுத்திருந்தால் அவள் ஒன்று பொய் சொல்ல வேண்டியிருந்திருக்கும், அல்லது உண்மை சொல்ல வேண்டியிருந்திருக்கும். இரண்டுமே அவள் என்னிடம் தர விரும்பாதவை. வினாவை விழுங்கினேன்.

“என்ன செய்யணும்?” என்று மட்டும் கேட்டேன்.

“எடுத்துருங்க. அது அவளோடதாவே இருக்கட்டும். எனக்கு வேண்டாம்.”

“அண்ணாச்சி நேரலைன்னு நிக்காவளே?”

“நீங்க பேச்சாளர்லா?” முதன்முறையாக அன்று சிரித்தாள். “கத்தச் சொன்னா நான் கத்துதேன். பேச வேண்டிய எடத்துல நீங்க பேசுங்க.”

அறைக்குள் போனோம். அவள் அந்த ஒலியை வெட்டி எடுத்தாள். மூலப் பதிவையும் அழித்தாள். காணொளியில் அவ்விடம் வெறுமையாக நின்றது. நான் என் சிறந்த வாதத்தை நீக்கிவிட்டு, கோரிக்கையை ஏற்பதாக அழுத்தினேன். பிறகு அண்ணாச்சியை அழைத்தேன்.

அவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “ஒரு மெஷின்கிட்ட தோத்துட்டா நிக்க? நீ பேச்சாளனா, ஊமையால?”

“தோத்துட்டேன் அண்ணாச்சி.”

“நேரலைல அவ திரும்பக் கத்துனா என்ன கொறஞ்சிரும்?”

“அவ கத்த மாட்டா. அவகிட்ட நீங்க கேக்கவும் வேண்டாம். கேட்டியன்னா நான் இங்க இல்ல.”

“நீ இல்லன்னா வானம் இடிஞ்சு விழுந்துருமாக்கும்! ஏட்டி எஸ்தரு…” என்று தொடங்கியவர், அவள் நாற்காலியைப் பார்த்தார். அது இன்னும் சுவரை நோக்கியே கிடந்தது. என்ன நினைத்தாரோ, வாக்கியத்தை முடிக்கவில்லை. “சவத்த விடு” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அவளிடம் அவர் கேட்கவே இல்லை. ஆனால் அதன்பின் இன்னொருத்தியின் அலறலுக்குக் கதை சொல்ல எனக்கு மனம் வரவில்லை; நானும் அந்த வேலைக்குத் திரும்பிப் போகவில்லை. எஸ்தர் இப்போது ராயகிரியில் ஒரு புகைப்பட நிலையத்தில் திருமணக் காணொளிகளைத் தொகுக்கிறாள். அங்கே அலற வேண்டியதில்லை. மணமக்கள்தாம் சில வேளைகளில் அலறுகிறார்கள் என்றாள்.

நீங்கள் இந்தப் பணியில் நூற்றுக்கணக்கான கதவுகளைச் சாத்தப்போகிறீர்கள். ‘அவள் ஓடுகிறாள், கதவு திறக்கவில்லை’ என்று உங்கள் குரல் உருண்டு வரும். நன்றாகச் சொல்லுங்கள். சொல்வதற்கு முன் தாப்பாள் எந்தப் பக்கம் என்று மட்டும் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் பக்கத்தில் அமர்ந்திருப்பவருக்கு அந்த விடை முன்பே தெரிந்திருக்கக்கூடும்.

கடைசியாக ஒன்று. அறைச் சாவியும் ஒலிவாங்கியும் என்னிடம் இருந்தன. அவற்றைத் திருப்பிக் கொடுக்க நான் போன நாள், எப்படியோ, மின்சாரம் நின்ற நாளாக அமைந்துவிட்டது. உச்சி வெயில். தறிகள் ஓய்ந்திருந்தன. மாரியக்கா வாசலில் உட்கார்ந்து நூல் சுற்றிக்கொண்டிருந்தாள்.

“இன்னைக்கும் பதிவா யய்யா? இப்பதான் அந்தப் புள்ள கத்துச்சு.”

“எஸ்தர் வரலையே அக்கா. அவ இப்ப ராயகிரியில இருக்கா.”

மாரியக்கா நூலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“எஸ்தருன்னு யாரு சொன்னா?”

இதற்கு இரண்டு அணியிலும் நின்று என்னால் பேச முடியும். பக்கத்து வீட்டில் யாரோ எங்கள் பழைய காணொளியைப் போட்டிருக்கலாம். ஓசைக்குப் பழகிய காது, ஓசை நின்றதும் தானே ஒன்றைக் கேட்கலாம். எதிரணிக்கான வாதத்தையும் நான் அறிவேன். மாடி ஏறினேன்.

அறை பூட்டப்படவில்லை. அண்ணாச்சி அவசரத்தில் கதவை இழுத்துச் சாத்தித் தாப்பாளை மட்டும் போட்டுவிட்டுப் போயிருந்தார். வெளித் தாப்பாள். சாவி கையில் இருந்தும் அதற்கு வேலை இல்லை. கதவடியில் என் நிழல் விழுந்திருந்தது. அதை உள்ளிருந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்று தோன்றியதும் விலகி நின்றேன்.

பிறகு தாப்பாளை நீக்கினேன். உள்ளே மேசையும் சுவரைப் பார்த்த நாற்காலியும் இருந்தன, வேறெதுவும் இல்லை. நாற்காலியைக் கதவை நோக்கித் திருப்பி வைத்தேன். ஒலிவாங்கியையும் சாவியையும் மேசைமேல் வைத்துவிட்டு, கதவைச் சுவரோடு சேர விரித்து, காற்றுக்கு ஆடாமல் அடியில் ஒரு கல்லையும் முட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன்.

பாதிப் படியில் மின்சாரம் வந்தது. தெருவின் தறிகள் எல்லாம் ஒருசேர ஓடத் தொடங்கின. அதன்பின் யாராவது அந்த அறையை விட்டு வெளியே வந்திருந்தாலும், காலடி ஓசை எனக்குக் கேட்டிருக்காது.